பி பக்கத்தின் பத்து நிமிடம்

"ஆகிப், காலி ஃபைல்னா என்ன?"

"காலின்னா காலி, லாத்தா. ஒண்ணும் இல்லாதது."

"இப்படி எழுதினா எங்க ஆபீஸ்ல என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சரியா சொல்லு."

கடல் கடந்து, கேட்டி என்ற ஊரில், மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவதுதான் ஷஹீமாவுக்கு வேலை. நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு காப்பெலில் இருக்கும் தம்பி ஆகிப் வீட்டுக்கு வந்ததும் அதே வேலைக்குத்தான். இந்த முறை சம்பளம் உம்மா கையால் ஆன வட்டிலப்பம்.

வாப்பா பசீர் அகமது இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. பதினொரு வருடம் வளைகுடாவில், தம்மாமில் இருந்தவர் கடிதம் எழுதியதே இல்லை. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். கீழக்கரை வீட்டு அலமாரியில் இருந்த எழுபத்தாறு கேசட்டுகளையும் ஆகிப் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். கேசட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஃபைல், மொத்தம் நூற்று ஐம்பத்திரண்டு. ஏற்றி முடித்ததும் பூஞ்சை பிடித்த அந்தக் கேசட்டுகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன.

ஃபைல்களைப் பட்டியல் போட்டுச் சலித்துக் கொடுக்க ஆகிப் ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருந்தான். 'சல்லடை' என்று பெயர். வருடத்தைச் சொன்னால் அந்த வருடத்து ஃபைல்கள் வரும். நீளத்தைச் சொன்னால் அந்த நீளத்தில் உள்ளவை வரும். காலியானவற்றை மட்டும் தனியே காட்டவும் செய்யும். மாலை நான்கு மணிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் லிங்க் போகப்போகிறது. அதற்குள் கையேடு முடிய வேண்டும். காலி ஃபைல்களை ஆகிப் அழித்துவிடவும் வேண்டும்.

எழுதும் ஒவ்வொரு உதாரணத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள் ஷஹீமா. 1986 என்று தட்டினாள். ஒன்றைத் திறந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு, தம்பிமாருக்கு, பக்கத்து வீட்டு மச்சிக்கு, எல்லாருக்கும் என் ஸலாம். ஷஹீமாவுக்குப் பல் விழுந்திருச்சாமே..."

மேடையில் மைக் பிடித்த மாதிரி கணீரென்ற குரல். ஷஹீமாவுக்குக் கீழக்கரை வீட்டுக் கூடம் கண்முன் வந்தது. நடுவில் டேப்ரெக்கார்டர், சுற்றிலும் இருபது பேர். வாப்பா யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் ஒருமுறை நிமிர்ந்து உட்காருவார். தன் பெயர் வந்ததும் அவள் வாயைத் திறந்து எல்லோருக்கும் ஓட்டைப்பல்லைக் காட்டியிருக்கிறாள். உம்மா மட்டும் சமையலறைக் கதவோரம் நிற்பாள். அவள் பெயர் கடைசியில் வரும். "முனவ்வராவுக்கும் ஸலாம்." அவ்வளவுதான்.

இப்போது உம்மா சோபாவில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"காலியில மொத்தம் முப்பத்தோரு ஃபைல் வருது" என்றாள் ஷஹீமா. "எப்படிடா கண்டுபிடிக்குது?"

"முதல் அஞ்சு நிமிஷம் கேட்டுப் பார்க்கும். பேச்சே இல்லைன்னா காலி."

"அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம்?"

"அஞ்சு நிமிஷம் சும்மா இருந்துட்டு எவன் லாத்தா பேசுவான்? எல்லாமே பி பக்கம். வாப்பா ஏ பக்கத்தோட முடிச்சிருப்பாங்க. டெலீட் பண்ணிடறேன், நீ எழுது."

உம்மாவின் கையில் இருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"அழிக்காதே."

"வெறும் காத்து சத்தம் உம்மா."

"இருந்துட்டுப் போகட்டும். உன் கம்ப்யூட்டர்ல இடமா இல்ல?"

"நாலு மணிக்கு எல்லாரும் ஓபன் பண்ணுவாங்க. உஸ்ஸுன்னு கேட்டா என்னைக் கிண்டல் பண்ணுவாங்க."

"அவங்களுக்கு அனுப்பவும் வேணாம். அழிக்கவும் வேணாம்." உம்மாவின் முகம் சிவந்திருந்தது.

ஷஹீமா உம்மாவைப் பார்த்தாள். பட்டியலில் ஒன்றைத் திறந்தாள். உஸ் என்ற இரைச்சல். பன்னிரண்டாவது நிமிடத்துக்குத் தள்ளினாள்.

"முனவ்வரா... எங்க உம்மா எழுந்து போயிட்டாங்களா?"

ரகசியம் பேசும் குரல். சிரிப்பை அடக்குகிற குரல். இந்த வாப்பாவை அவர்கள் இருவருமே கேட்டதில்லை.

"நிறுத்துடி!"

நிறுத்தினாள். உம்மா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் நின்றது.

"கேசட் வந்தா வீடே கேட்கும். எனக்குன்னு உங்க வாப்பா என்னத்தைப் பேச முடியும்? முதல் தடவை போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க, பின்பக்கத்துல பத்து நிமிஷம் பொறுத்துக் கேளுன்னு. எங்க மாமி ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டுப் பார்ப்பாங்க. ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, ஒண்ணும் இல்லன்னு எடுத்து வச்சிடுவாங்க."

ஆகிப் தலையைச் சொறிந்தான். "என் சல்லடையும் அதையேதான் சொல்லுது."

"நீ அவங்க பேரன்தானே."

மூன்று மணிக்கு ஆகிப் சல்லடையைத் திருத்தி முடித்தான். அந்த முப்பத்தோரு ஃபைல்களும் இனி எந்தப் பட்டியலிலும் வராது. ஒரு ரகசியச் சொல்லைத் தட்டினால் மட்டும் வரும். அந்தச் சொல்லை வைக்கச் சொல்லிக் கீபோர்டை உம்மாவிடம் கொடுத்துவிட்டு அக்காவும் தம்பியும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். உம்மா ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினாள்.

"லாத்தா, இதைக் கையேட்டுல என்னன்னு எழுதப் போற?"

பதினெட்டு வருட வேலையில் ஷஹீமா ஒரு பட்டனைக்கூட விட்டதில்லை. மென்பொருளில் இருப்பது கையேட்டில் இருந்தாக வேண்டும் என்று சண்டை பிடிப்பவள். 'காலி' என்ற பகுதியை முழுவதுமாக அழித்தாள். 'சல்லடையில் சலிக்க இரண்டு வழிகள் உண்டு: வருடம், நீளம்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

நான்கு மணிக்கு லிங்க் போனது. ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குரூப் கத்த ஆரம்பித்தது. என் பேர் வருது, என் நிக்காஹ் பத்திப் பேசறாங்க என்று ஆளாளுக்குச் சத்தம்.

உம்மா போனையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குக் கிளம்பினாள்.

"உம்மா, முதல் பத்து நிமிஷத்தைத் தள்ளி வச்சுத் தரவா?"

"வேணாம். அந்தக் காலத்துலயும் தள்ள மாட்டேன். ஓட்டினா அந்த மிஷின் கீச்சுன்னு கத்தும், மாமிக்குக் கேட்டுடும். சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டுப் பக்கத்துலேயே உட்கார்ந்திருப்பேன்."

"இப்ப யாரு உம்மா கேட்கப் போறாங்க?"

உம்மா வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.