ஏழாம் நபரின் நாலு நிமிடம்

சமயவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் என்று சொன்னால் போதும், வெறும் வாயை மெல்லும் உறவுக்காரர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. "படிச்சு முடிச்சா சாமியாராப் போயிடுவியா?" என்று சித்தப்பா மூன்று வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே மாதிரி சிரிக்கிறார். அவள் சாமியாராகப் போகிற மாதிரி இல்லை. சாமி கும்பிடுவதையே இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டாள். அம்மாவுக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவர்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அடைப்புக்குறி. "உங்க நம்பிக்கைய அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டு வாங்க. கடவுள் இருக்காரா இல்லையாங்கிறது நம்ம வேலை இல்ல. மனுஷங்க என்ன செய்றாங்க, அதைப் பாருங்க" என்று வகுப்புக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, பார்த்ததை எழுதித் தர வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். யார் பெயரும் வரக்கூடாது, எண் மட்டும்தான்.

அலையச் சோம்பல்பட்டு அவள் அம்மா போகிற கூட்டத்தையே எடுத்துக்கொண்டாள். சலவைக்கடைக்கு மேல்மாடியில், வியாழக்கிழமை சாயங்காலம், எட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்வார்கள். தையல்காரம்மா நாலாம் நபர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் அம்மா ஏழாம் நபர். "நானும் வரட்டுமா?" என்று கேட்டபோது அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வா, வந்து உக்காரு. நல்லதுதான்" என்றாள்.

அந்தக் கூட்டம் நடந்து பதினைந்து நாள் ஆகிறது. இன்று மத்தியானம் அடைப்புக்குறி அவள் கட்டுரையை மேஜைமேல் போட்டு, ஒரு பத்தியில் விரலை வைத்தார்.

"ஏழாம் நபர். நாலு நிமிஷம் பத்து வினாடி. குரல் இரண்டு தடவை உடைஞ்சது. ரெண்டு பக்கமும் இருந்தவங்க தோள்ல கை வெச்சாங்க, வேற யாருக்கும் அப்படிச் செய்யல. எல்லாம் சரி. ஏழுக்கு மட்டும் ஏன்?"

"குழு ஒற்றுமைய வெளிப்படுத்துற ஒரு சடங்கு..."

"அது புத்தகத்துல இருக்கு. அந்தம்மா என்ன வேண்டுனாங்க?"

அவள் கட்டுரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அதில் அது இல்லை.

"மத்த ஏழு பேர் கேட்டதும் இருக்கு. மகனுக்கு வேலை, மூட்டுவலி, வீட்டுக்காரர் குடி. இவங்களுக்கு மட்டும் வினாடிக்கணக்கு. திங்கக்கிழமை திருத்திக் கொண்டா."

பேருந்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். அன்று கூட்டத்தில் அம்மாவின் முறை வந்ததும், தன்னைப் பற்றித்தான் வேண்டப் போகிறாள், என் பொண்ணுக்கு நல்ல புத்தி கொடு என்று ஏழு பேர் முன்னால் மானத்தை வாங்கப் போகிறாள் என்று பயந்து, எதையும் காதில் வாங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கை எங்கே இருக்கிறது, யார் கண் திறந்திருக்கிறது என்று பரபரவென்று எழுதித் தள்ளினாள். அதற்குப் பேர் நடுநிலை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வெட்கம்கெட்ட நடுநிலை. அம்மாவின் தோளில் விழுந்த அந்த இரண்டு கைகள் எதற்காக என்று இப்போதுதான் யோசித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, பாதி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அப்போதுதான் வேலை விட்டு வந்து, நகக்கண்ணில் படிந்த லென்ஸ் தூளைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்குக் கூட்டத்துல நீ என்ன வேண்டுன?"

பிரஷ் நின்றது. "ஏன், நீதான் எழுதிக்கிட்டியே?"

"அதை மட்டும் எழுதலம்மா."

அம்மா குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"மார்ல கட்டி இருக்குன்னு சொன்னேன். ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். உன் மூஞ்சியப் பாத்து நேரா சொல்ல எனக்குத் தைரியம் வரலடி. நீ வர்றேன்னதும் சரி, அங்க சாமிகிட்ட சொல்ற மாதிரி சொல்லிட்டா உன் காதுலயும் விழுந்துடும்னு நெனச்சேன். நீ குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்தே. தெரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன்."

"பதினஞ்சு நாளா..."

"பதினஞ்சு நாளா நீ ஒரு வார்த்தை கேக்கலையேன்னு இருந்துச்சு. படிச்ச பொண்ணு, இதையெல்லாம் வேற மாதிரி எடுத்துக்குவா போலன்னு விட்டுட்டேன்."

சலவைக்கடை மாடியில் ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த அறையில் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்திருந்த ஒரே ஆளுக்குத்தான் தெரியவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. அழக்கூட உரிமை இல்லாத மாதிரி நின்றாள்.

"ஆபரேஷன் என்னைக்கும்மா?"

"திங்கக்கிழமை காலைல. தையல்காரம்மா கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பாவம், அவங்க கடையச் சாத்திட்டு வர்றாங்க."

"அவங்க வேண்டாம். நான் வர்றேன்."

"திங்கக்கிழமை உனக்குக் காலேஜ்ல எதுவும் இல்லையா?"

"இல்ல" என்றாள்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நிறையப் பேசிட்டேனோ?"

"நாலு நிமிஷம் பத்து வினாடி. மறுபடி சொல்லும்மா. முதல்லேருந்து."

அவள் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஆரம்பித்தாள்.