ஆடிப்பெருக்கன்று நடக்காத தத்து

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். இரண்டு பக்கம், 'அனுப்புநர்' என்று ஆரம்பித்து. படித்தவர் ஒரே ஒரு அதிகாரி. அவர் நிராகரித்துவிட்டார். பத்திரிகைக்காரர்களும் என்னை நிராகரித்ததுண்டு, ஆனால் அதனால் யாருடைய படிப்பும் நின்றதில்லை.

பென்னாகரத்தில் தாலுகா ஆபீஸ் எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறேன். ஈ ஓட்டும் நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுதி வந்திருக்கிறது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

2

[மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் தேவிப்பிரியா] — இல்லை. அவள் வந்தது காலை பதினொரு மணிக்கு, கொளுத்தும் வெயிலில்.

[தாயுமின்றித் தந்தையுமின்றித் தவிக்கும் அந்தப் பேதைப்பெண்] — இதுவும் வேண்டாம். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறவள். சான்றிதழ்களை வரிசையாக அடுக்கிய ஃபைலோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேதை நான்தான்.

நேராகவே சொல்கிறேன். பெற்ற அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு நாலு வயது. அம்மா செல்லி, குப்புராஜ் என்கிற அரசு ஜீப் டிரைவரை மறுமணம் செய்துகொண்டாள். ஏழு வயதில் குப்புராஜ் அவளை முறைப்படி தத்தெடுத்தார். முறை என்றால் ஊர் முறை. செல்லி பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க, குப்புராஜின் அண்ணன், அதாவது பெரியப்பா காளியப்பன் சொம்பில் மஞ்சள் நீர் கலந்து தர, அதைக் குடித்துவிட்டுக் குப்புராஜின் மடியில் உட்கார்ந்தாள். சொந்தப் பெண்டாட்டியின் பிள்ளைக்குப் பத்திரம் எதற்கு என்று யாரும் பதியவில்லை.

இரண்டு வருடம் முன்பு செல்லி போனாள். போன தை மாதம் தொப்பூர் இறக்கத்தில் லாரி மோதிக் குப்புராஜும் போனார். அவருடைய குடும்ப ஓய்வூதியம் தத்துமகளுக்கு உண்டு, வெறுமனே மனைவியின் மகளுக்கு இல்லை என்றது துறை. கிடைத்தால் நர்சிங்கை முடிப்பாள். இல்லையென்றால் ஓசூரில் ஏதாவது கம்பெனிக்கு ஷிஃப்டு வேலைக்குப் போவாள்.

3

காளியப்பனை என்ன செய்வது என்று தெரியவில்லை. கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். செத்த தம்பியின் நிலத்துக்காகச் சாட்சி சொல்ல மறுக்கிற பெரியப்பா என்றால் எடுப்பாக இருக்கும். பாதி வரி எழுதியும் பார்த்தேன்.

[காளியப்பனின் கண்ணில் பேராசை]

அந்த மனிதர் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தார். என்றைக்குத் தத்து நடந்தது என்று கேட்டேன். உண்மையைத்தான் சொன்னார்.

"தேதி எங்கிங்க தெரியுது? ராகி அறுத்துக் களத்துல கெடந்துச்சு. வூட்டுல அன்னைக்குக் களிதான். அவ்ளோதாங்க நெனப்பு."

4

படிவத்தில் தத்தெடுத்த நாள் என்று ஒரு கட்டம் இருந்தது. 'ராகி அறுப்பு முடிந்த சமயம், தேதி நினைவில்லை' என்று எழுதியிருக்கலாம். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.*

ஆடிப்பெருக்கு என்று போட்டேன். கூட வைத்த மனுவில், ஒகேனக்கல்லில் காவிரி பொங்கி வர, கரையில் ஒரு குழந்தை மஞ்சள் நீர் குடிக்கிறது. எழுதி முடித்து நானே இரண்டு முறை படித்தேன். தேவிப்பிரியாவுக்கு அவசரமாக வாசித்தேன். ஆடி என்று இடையில் வந்தது அவள் காதில் விழுந்ததா, தெரியாது. நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

(* களத்தில் கிடக்கிற ராகி பார்க்க நன்றாக இருக்காது என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமான காரணம் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.)

5

குப்புராஜின் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு பாராட்டு இருக்கிறது. தத்து நடந்த அதே வருடம் ஆடிப்பெருக்கின் மூன்று நாளும் ஒகேனக்கல்லில் இரவு பகல் பாராமல் ஜீப் ஓட்டியதற்காகக் கொடுத்தது. மனுவில் சொன்ன நேரத்தில் அவர் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்க வழியே இல்லை. பொய்த் தகவல் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். முப்பது நாளில் மேல்முறையீடு செய்யாவிட்டால் பொய் சொன்னதற்காக மனுதாரர் மேலேயே நடவடிக்கை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவள் அவள்தானே.

அந்த உத்தரவோடு வந்தவள் அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நா தேதியே சொல்லலியே சார். பெரியப்பா ராகி அறுப்புன்னுதான சொன்னாரு?"

உத்தரவை மறுபடி படிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அந்தத் தேதிய நீங்களா போட்டதுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார். அது போதும்."

6

முடிவு ஒன்று: நான் கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு ஓய்வூதியம் கிடைக்கிறது. இப்படி முடித்தால் என்னை நல்லவன் என்பீர்கள். அதனாலேயே இது வேண்டாம்.

முடிவு இரண்டு: போட்டும் கிடைக்கவில்லை. இது எனக்கு வசதியான முடிவு. போட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

முடிவு மூன்று: [நான் அவள் ஹாஸ்டல் வாசலில்]

எனக்குப் பயம், அதுதான் விஷயம். இந்தத் தாலுகாவில் பாதிப் பேருடைய மனு என் கை எழுதியது. ஒன்றில் தேதியைப் புனைந்தேன் என்று ஒப்புக்கொண்டால் மற்றதையும் எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்தால் நாலைந்து ஆடிப்பெருக்குகள் அகப்படும்.

பிரமாணப் பத்திரத்தை அவளே டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நாலே வரி. திருத்த ஒன்றுமில்லை. மேல்முறையீட்டுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள், இன்று சனிக்கிழமை. அதில் கையெழுத்துப் போட உட்கார்ந்தவன்தான் இதை எழுதி முடித்திருக்கிறேன். இங்கே நான் ஒப்புக்கொண்டது எதுவும் எந்த ஆபீசிலும் செல்லாது. கதை என்று மேலே போட்டுவிட்டேன், அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.

முடிவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டதாக மட்டும் முடித்துவிடாதீர்கள். இன்னும் போடவில்லை.