கயிற்றுக்கு அந்தப் பக்கம்

நம் வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்துச் சிவசக்தி, சீனத்தில் கொன்சல் ஜெனரலாக இருந்தவள். அது என்ன உத்தியோகம் என்று கேட்பீர்கள். தூதுவர் தலைநகரத்தில் இருப்பார். தூரத்து நகரங்களில் நம் நாட்டின் முகமாக இன்னொருவர் நிற்க வேண்டும் அல்லவா, அந்த முகம்தான் இது. பசறை ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்று படிக்கப்போன பிள்ளையின் முகம், நான்கு வருடம் ஒரு நாட்டின் முகமாக இருந்தது. இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தாமல் எப்படிச் சொல்வது, கண்ணுகளா.

பதவிக்காலம் முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. தன் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு நகரத்துக்கும் போய், அங்கத்தைய மேயரைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல வார்த்தை பேசி, பரிசு மாற்றிக்கொண்டு விடைபெற வேண்டும். கலியாண வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாமன், மச்சான், சம்பந்தி என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறோமே, அதேதான். சோபா மட்டும் கொஞ்சம் பெரிது.

துறைமுக நகரத்து மேயர் தம் பேச்சை எழுதி வைத்திருந்தும், அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "உங்களுக்கு எழுதி வாசிப்பது அழகில்லை" என்றார். அடுத்த நகரத்துத் துணை மேயர் ஓர் அம்மாள். முன்பு அங்கே வெள்ளம் வந்தபோது, மாட்டிக்கொண்ட நம் மாணவர்களைத் தேடிச் சிவசக்தி மீட்பு லொறியில் நின்றுகொண்டே போனாள். அந்த அம்மாள் அதைச் சொல்லி அவள் கையைப் பிடித்தவர், படம் எடுத்து முடியும்வரை விடவில்லை.

மூன்றாவது நகரத்தில்தான் சிக்கல். அது தேயிலை நகரம். சுற்றிலும் மலை, மலை முழுக்கத் தேயிலை. தேயிலைக்கென்றே ஒரு கல்லூரியும் உண்டு. அதில் நம் ஊவா மாகாணத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருடம் நான்கு இடம் வாங்கிவிட வேண்டும் என்பது சிவசக்தியின் ஆசை. மேயர் ஷூவிடம் எழுத்தில் கேட்டாள், விருந்தில் கேட்டாள். "ஆகட்டும், யோசிக்கிறோம்" என்று அவர் சிரித்தார். யோசித்து யோசித்து அவள் காலமே முடிந்துவிட்டது. அடுத்து வரப்போகிறவருக்கு அவர் பாடு ஆயிரம் இருக்கும். இந்தப் பைல் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

விடைபெறும் நேரத்தில் மேயர் ஷூ பயணத்தில் இருந்தார். சொல்லி அனுப்பினார்: "எப்படியும் உங்கள் தீவுக்கு வருகிறேன். இங்கே விடைபெற வேண்டாம். உங்கள் மலையில் வைத்துச் சொல்லிக்கொள்வோம்."

அப்படித்தான் அந்தக் கடைசிச் சந்திப்பு வெள்ளப்பாறைக்கு வந்து சேர்ந்தது.

கொழும்பிலிருந்து கூட வந்தவர் கஜேந்திரன், மரியாதை முறைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் அதிகாரி. பதுளை தாண்டும்போதே வண்டியில் சொல்லிவிட்டார்.

"மேடம், இன்னைக்கு அந்தக் காலேஜ் விசயத்த எடுக்கவேண்டாம்னு மேலிடத்துல சொல்லச் சொன்னாங்க. விடைபெறுற சந்திப்புல எதுவும் கேக்கக்கூடாது. கை ஏந்துற மாதிரி ஆயிரும்."

"தெரியும் தம்பி. அந்தப் பாடத்தப் புதுசா வந்தவங்களுக்கு நடத்தினதே நான்தான்" என்றாள் சிவசக்தி.

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் புல்வெளியில் வெள்ளை விரிப்பு விரித்து எல்லாம் முறையாக நடந்தது. மேயர் தேநீரை முகர்ந்து, குடித்து, தலையாட்டினார். பரிசு மாறியது. கை குலுக்கினார்கள். மொழிபெயர்க்கப் பர்ஸானா இருந்தாள். பதுளை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் முன்ஸிப் நானாவின் மகள், சீனத்திலேயே படித்தவள். சிவசக்திக்கு அந்தக் கேள்வி இரண்டு தரம் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு தரமும் கஜேந்திரன் தொண்டையைச் செருமினார். அவளும் தேநீரோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

அப்போது மேயர் எழுந்தார். "முதல் நாள் சந்திப்பிலேயே உங்கள் அம்மா கொழுந்து பறித்தவர் என்று தலை நிமிர்ந்து சொன்னீர்கள். அவர் பறித்த மலை எது? அதைப் பார்க்காமல் நான் போகமாட்டேன்."

ஏழாம் நம்பர் மலைக்கு நடந்தார்கள். பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் வருவதைப் பார்த்ததும் ஒருத்தி குரல் கொடுத்தாள். மளமளவென்று தேயிலைச் செடி நிரைகளை விட்டு இறங்கி, கூடைக் கயிறுகளை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து, பாதைக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

வெள்ளப்பாறையில் இது ஒரு வழக்கம். புதுத் துரையானாலும் சரி, புதுமாப்பிள்ளையானாலும் சரி, மலைக்குள் முதல் தடவை கால் வைத்தால் பெண்கள் கயிறு போட்டு மறிப்பார்கள். கேட்டதைக் கொடுத்தால்தான் கயிறு இறங்கும். கொழும்பு, சீனம் என்று சுற்றிய சிவசக்திக்கு அந்த நினைவே இல்லை. கஜேந்திரனுக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது? அவர் ஒரு நகரத்துக்கே மேயர்."

"இருக்கட்டுங்க ஐயா" என்றாள் நடுவில் நின்ற பெரியாயி. அவளும் சிவசக்தியும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். "போன வருசம் புதுத் தொரையவே வெயில்ல நிக்க வச்சோம். அவருக்குத் தொப்பியாச்சும் இருந்துச்சு. இவரு தலையில முடியுமில்ல, தொப்பியுமில்ல. பாத்தாத்தான் பாவமா இருக்கு."

பர்ஸானா வழுக்கையை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தாள். மேயர் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் மலைக்கிராமத்துக்காரர்தானாம். அங்கே விருந்தாளி வந்தால் ஊர் வாசலில் மதுக் கிண்ணத்தோடு பெண்கள் மறிப்பார்களாம். குடித்துவிட்டுப் பாட்டும் பாடினால்தான் வழி.

"என் மாமனார் ஊரில் நான் பாடியதைக் கேட்டு எருமை எழுந்து போய்விட்டது. இங்கே பாடச் சொல்லாதீர்கள். என்ன வேண்டுமோ கேளுங்கள்."

"சோடா கேளுக்கா" என்றது ஒரு குரல்.

"கலர் சோடா. ஆளுக்கொரு போத்தல்."

சிவசக்தி அந்தக் கயிற்றைப் பார்த்தாள். இந்தப் பக்கம் நிற்கிறவரை அவள் நாட்டின் முகம்; வாயைத் திறந்து கேட்க முடியாது. அந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அப்படி ஒரு கட்டும் இல்லை. அந்தப் பக்கம் நின்றால் கேட்கத்தான் வேண்டும்.

சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பெரியாயிக்குப் பக்கத்தில் போய் நின்று அவளும் கயிற்றைப் பிடித்தாள்.

"அடியே சக்தி, பட்டுச்சீலையக் கட்டிக்கிட்டு உனக்கு இங்க என்னடி வேல?"

"எங்கம்மா நெர புடிச்ச மலை. எனக்கு உரிமை இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

பெரியாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கு. அதுக்குன்னு கயித்த இப்பிடித் தொங்க விடாத. இழுத்துப் புடி."

சிவசக்தி தாழ்ந்த குரலில் சொன்னாள். "இவங்க ஊர்ல தேயிலை படிக்கிறதுக்குன்னே காலேஜ் இருக்கு. நம்ம புள்ளைங்களுக்கு வருசம் நாலு எடம் கேப்போம்."

"எடம் குடுத்தாப் போதுமா? சோறு யாரு போடுறது?"

"சோறும், தங்க எடமும் சேத்துத்தான்."

"அப்ப கேளு. ஆனா சோடாவ விட்றாத."

"மேடம், வேணாம்" என்று கஜேந்திரன் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"தம்பி, கொன்சல் ஜெனரல் அங்க புல்வெளியிலயே கை குலுக்கிட்டாங்க. அதோட அவங்க வேல முடிஞ்சிருச்சு. இங்க நிக்கிறது கருப்பாயி மக. நீங்க தள்ளி நின்னு படம் எடுங்க."

அவளுக்குச் சீனம் பேச வரும். இருந்தாலும் தமிழில்தான் கேட்டாள், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று. "ஊவாத் தோட்டங்கள்ல கொழுந்தெடுக்கிறவங்க வீட்டுப் புள்ளைங்க, வருசம் நாலு பேரு. படிப்பு, சாப்பாடு, தங்க எடம். குடுத்தா வழி உண்டு."

பர்ஸானா சொல்லி முடித்தாள். மேயரின் சிரிப்பு நின்றுவிட்டது. கூட வந்திருந்த அவருடைய செயலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். பர்ஸானா அதை மொழிபெயர்க்கவில்லை. பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குத் துணிகள் காற்றில் படபடத்தன. நான்கு வருடமாகச் சேர்த்த மரியாதையை ஒரு நொடியில் கொட்டிவிட்டேனோ என்று சிவசக்தி நினைத்தாள். ஆனால் கயிற்றை விடவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மேயர் இரண்டு விரலைக் காட்டினார்.

மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. பெரியாயி ஓரத்தில் நின்ற இருவரைப் பார்த்து, "ரெண்டு புள்ளைக்கு ரெண்டு பேரு கைய எடுங்கடி" என்றாள். அவர்களும் எடுத்தார்கள். கயிறு நின்ற இடத்திலேயே விறைப்பாக நின்றது. "மத்தவங்க கை வலிக்கிற வரைக்கும் நிப்போம். எங்களுக்குக் கை வலிக்காதுன்னு அவருகிட்டச் சொல்லு பர்ஸானா."

அவள் சொன்னாள். மேயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் சிவசக்தியைப் பார்த்துச் சொன்னார்:

"நான்கு வருடம் நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள். நானும் மரியாதையாகத் தட்டிக்கழித்தேன். மரியாதையான கேள்விக்கு அப்படி ஒரு பதில் உண்டு. கயிற்றுக்கு அது செல்லாது. நான்கு இடம், சாப்பாட்டோடு, தங்குமிடத்தோடு. முதல் நான்கு பேருக்கு இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். எனக்குப் பிறகு வருகிற மேயரையும் இங்கே கூட்டி வந்து, இதே மாதிரி மறித்துக்கொள்ளுங்கள்."

செயலாளரின் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாறையில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சோடாவுக்குக் கஜேந்திரன் பெட்டிக்கடைக்கு இறங்கிப் போனார். போகும்போது அவர் முகத்திலும் சிரிப்பு இருந்ததாகப் பர்ஸானா பிறகு சொன்னாள்.

கயிறு இறங்கியது. மேயர் உள்ளே வந்து, தேயிலைச் செடி ஒன்றின் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு சிவசக்திக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் சேர்த்துத் தலை தாழ்த்தினார்.

"மற்ற நகரங்களில் எங்கள் ஆட்கள் உங்களை வழியனுப்பினார்கள். இது உங்கள் வீடு. ஆகவே நான்தான் சொல்லிக்கொண்டு போக வேண்டும்."

"போயிட்டு வாங்க" என்றாள் சிவசக்தி. பட்டுச்சேலையில் சாயக்கறை ஏறியிருந்தது. அதை அவள் தட்டவும் இல்லை.

பெரியாயி முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "ஏண்டி, அந்த நாலு பேர யாரு எடுப்பா?"

"பரீட்சை வைப்பாங்க. நல்லா எழுதுறவங்களத்தான்."

"எப்ப?"

"மூணு மாசத்துல இருக்கும்."

பெரியாயி கயிற்றை அப்படியே போட்டாள். மலை விளிம்புக்குப் போய், கீழே தெரிந்த லய வீடுகளைப் பார்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, வெள்ளப்பாறை முழுக்கக் கேட்கும்படி தன் மகளைக் கூப்பிட்டாள்.

"ஏய் விதுஷா... அந்தப் போன வச்சிட்டுப் பொஸ்தகத்த எடுடி..."