பள்ளிக்குக் கொடுத்த ஏணி

மனுவேல் எங்கள் ஏணியை மணலில் படுக்க வைத்து, ஒவ்வொரு படியையும் இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கச் சட்டத்தின் நீளத்தைப் பார்த்தார். எழுந்தபோது தலையை ஆட்டினார்.

"இதில என்ட ஆக்கள் ஏற மாட்டாங்க, ஹாஜியார்."

அன்று வெள்ளிக்கிழமை. நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. கண்டக்குழியில் எங்கள் பள்ளிவாசலின் முன்சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்காக பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் ஒலிபெருக்கியை முந்தின நாள் கழற்றியிருந்தார்கள். ஜும்ஆத் தொழுகைக்கு முன் அதைத் திரும்ப மேலே மாட்ட வேண்டும். பெயின்ட் வேலைக்கு வந்தவர்களுக்குத் தலைவர் மனுவேல். கொண்டுவந்த உயரமான அலுமினிய ஏணியை அவரே காலையில் ஒதுக்கிவிட்டார். அதன் கால் ரப்பர் ஒன்று தேய்ந்துவிட்டதாம். அதனால்தான் எங்கள் ஏணியை எடுத்துவரச் சொன்னேன்.

அது என் வாப்பா பள்ளிக்குத் தானமாக வக்ஃபு செய்த ஏணி. முதிரை மரம், பதினெட்டு அடி. சட்டத்தில் வாப்பாவின் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன் எங்கள் வீட்டிலிருந்து யாராவது போய் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடிப்போம். அல்லாஹ்வின் வீட்டுக்குக் கொடுத்த பொருள் மங்கிக் கிடக்க எங்கள் குடும்பம் விட்டதில்லை.

"என்ன குறை கண்டீங்க?" என்றேன்.

"குறை இருக்கா இல்லையா எண்டு எனக்குத் தெரியல்ல. அதுதான் குறை. மர ஏணிக்குப் பெயின்ட் அடிக்கப்படாது ஹாஜியார். வெடிப்பிருந்தா கண்ணுக்கு அம்புடாது." அவர் இடுப்பிலிருந்து பெயின்ட் சுரண்டும் பட்டிக்கத்தியை எடுத்தார். "ஒரு சாண் மட்டும் சுரண்டிப் பாக்கிறன்."

கத்தியை அவர் வைத்த இடம் வாப்பாவின் பெயர்.

"கைய எடுங்க!"

தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்ய வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில் பள்ளி நிர்வாகத் தலைவர் ஜெமீலும் நின்றார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை.

"பெயின்ட்ட நான் குறை சொல்ல மாட்டன்," என்றார் ஜெமீல். "முதல்தரமான பெயின்ட். ஏணியப் பத்தித்தான் எனக்குத் தெரியாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

என் மகள் அஸ்மியாவின் கணவர் ஹுனைஸ் ஒலிபெருக்கிக்கு வயர் பூட்டிக்கொண்டிருந்தார். லொட்ஜ்களில் வயரிங் வேலை செய்பவர். ஏறி இறங்கிப் பழகியவர்.

"மருமகன், நீங்க ஏறுங்க."

ஹுனைஸ் ஏணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம் மாமா."

"இவர் ஏறுறதுக்கு நான் பொறுப்பில்ல," என்றார் மனுவேல்.

"உங்களப் பொறுப்பெடுக்கச் சொன்னது ஆர்? அது எங்கட குடும்பத்துப் பொறுப்பு."

ஏணியைச் சுவரில் சாத்தினோம். ஹுனைஸ் ஒலிபெருக்கியைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். நான் இரண்டு சட்டங்களையும் நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஏழாவது படிக்குக் காலை மாற்றியபோது என் வலது உள்ளங்கையை ஏதோ கிள்ளியது.

கையைச் சற்று விலக்கிப் பார்த்தேன். பச்சையில் தலைமயிர் அகலத்தில் ஒரு கோடு. அவர் அடுத்த படியை மிதித்ததும் கோடு விரிந்தது. காலை ஊன்றி நின்றதும் மூடிக்கொண்டது. என் தோல் அதற்குள் அகப்பட்டிருந்தது.

நான் சத்தம் போடவில்லை. அதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவர் இன்னும் இரண்டு படி ஏறும்வரை வாய் திறக்காமல் நின்றேன். என் பிடி மரத்தைச் சேர்த்து வைத்துவிடும் என்பதுபோல அந்த இடத்தை இறுக்கினேன். ஜெமீல் நாலடி தூரத்தில் நின்றார். கோடு என் கைக்கு மேலாகவும் நீண்டது.

"மருமகன், இறங்குங்க."

"என்ன மாமா?"

"இறங்குங்க. மெல்ல."

"இன்னும் நாலு படிதான். மாட்டிட்டு வாறன்."

"இப்ப இறங்குங்க."

அவர் கீழே நின்றவர்களைப் பார்த்தார். முகம் இறுகியது. "நடுவில இறங்கினா ஆக்கள் என்ன கதைப்பாங்க மாமா? நம்மட ஏணியல்லோ?"

நான் வீட்டில் நாளும் பேசுகிற பேச்சு அது. அவர் அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார். சட்டத்துக்குள் 'டிக்' என்றது.

மனுவேலுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஓடிவந்து இடப்பக்கச் சட்டத்தைப் பிடித்தார். என் முகத்தை மட்டும் பார்த்தார்.

"ஏணி வெடிச்சிருக்கு!" என்று கத்தினேன். பள்ளி முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "எங்கட ஏணி பழுது, ஹுனைஸ்! நான் சொன்னது பிழை. இறங்குங்க மகன்!"

ஹுனைஸ் அப்படியே நின்றுவிட்டார். மேல்படியை இறுகக் கட்டிக்கொண்டார்.

"தம்பி, ஸ்பீக்கர விடுங்க," என்றார் மனுவேல். கதிரையில் உட்கார்ந்து பேசுபவர்போல அமைதியாகச் சொன்னார். "விழட்டும். இப்ப இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு வாங்க. படிக்கு நடுவில மிதிக்காதீங்க, இந்த ஓரத்தில மிதிங்க. அவசரமில்ல."

ஒலிபெருக்கி என் தோளை உரசிக்கொண்டு மணலில் விழுந்து நசுங்கியது. ஹுனைஸ் ஒவ்வொரு படியாக வந்தார். அவருடைய கால் என் முகத்துக்கு நேரே வந்தபோது கோடு நகத்தின் அகலத்துக்குத் திறந்திருந்தது. கடைசி மூன்று படிகளையும் அவர் மிதிக்கவில்லை, குதித்தார்.

ஏணியைத் திரும்பப் படுக்க வைத்தோம். மனுவேல் என்னிடம் கேட்காமலே சுரண்டினார். நான் தடுக்கவில்லை. வெடிப்பு ஒரு முழத்துக்கு மேல் ஓடியது. அவர் கத்தி முனையால் அதைக் கிளறிக் காட்டினார். வெடிப்புக்குள்ளும் பச்சை இருந்தது. இந்த வருடத்துப் பச்சைக்குக் கீழே வேறொரு பச்சை, அதற்கும் கீழே மங்கிய இன்னொன்று.

"இது நேத்து வந்ததில்ல ஹாஜியார்."

"ஓம்," என்றேன்.

கூட்டத்தில் ஒருவர், "கோழிக்கூட்டுக்கு வெச்சுக்கொள்ளவா?" என்று கேட்டார்.

"குடுக்காதீங்க," என்றார் மனுவேல். "ஏணியாக் கிடந்தா எப்பவோ ஒருத்தர் ஏறத்தான் செய்வார். துண்டு துண்டா அறுத்துப் போடுங்க."

தன் வான் வண்டியிலிருந்து மரம் அறுக்கும் வாளைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"வாங்க மருமகன், மத்தப் பக்கத்தப் பிடிங்க."

ஹுனைஸ் சுவரில் சாய்ந்து மணலில் இருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தார்.

"ஏலாது மாமா," என்றார்.

எல்லோருக்கும் அது கேட்டது. நான் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. முழங்காலை மணலில் ஊன்றி, வாளை முதல் படிக்கு மேலே வைத்தேன். ஏணி ஆடியது, வாள் வழுக்கியது. ஜெமீல் சாரனை ஒதுக்கிக்கொண்டு வந்து குந்தி, மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.

"அறுங்க," என்றார். இந்தத் தரம் சிரிக்கவில்லை. "பாங்குக்கு நேரமாகுது."

நான் அறுத்தேன்.