அண்ணாச்சியின் கன்னத்தில் பதினேழு கைநாட்டு

கீலக வருஷம் ஆவணி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில், பேட்டையில் வட்டிக்குப் பணம் கொடுத்துவந்த சங்கரசுப்பிரமணியனின் வலது கன்னத்தில், கீழமடைக்குடிப் பிச்சைக்கண்ணுவின் இடது கைப் பெருவிரல் ரேகை காணப்பட்டது. அன்று நல்லெண்ணெய் படிக்கு ஓரணா ஏறியிருந்தபடியால் கடைத்தெருவில் அதைக் குறித்தே மிகுதியும் பேசிக்கொண்டார்கள். ரேகை பிச்சைக்கண்ணுவினுடையதுதான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இளமையில் அரிவாள் பட்டு அவன் விரலில் குறுக்கே ஓடிய தழும்பு, கன்னத்திலும் குறுக்கே ஓடியது. சங்கரசுப்பிரமணியன் பயற்றமாவு தேய்த்துக் கழுவினார்; பின்பு சீயக்காய் தேய்த்தார்; பின்பு சாம்பல் வைத்துத் துலக்கினார். கன்னம் சிவந்ததேயன்றி ரேகை போகவில்லை. சவரம் செய்ய வந்தவர் கத்தியைத் தீட்டி, அருகில் வந்து பார்த்து, இது மயிர் அன்று, ஆகையால் தம் தொழிலில் சேராது என்று கூறிப் புறப்பட்டுவிட்டார்.

முந்தின நாள்தான் பிச்சைக்கண்ணு எருமை வாங்குவதற்காக அவரிடம் கடன் பெற்று, தன் வீட்டை ஈடாக வைத்து, அடமானப் பத்திரத்தில் கைநாட்டு வைத்திருந்தான். பத்திரத்தில் எழுதியிருந்தது என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்பது மரியாதையாகாது. கடன் கொடுக்கிறவர் முகத்துக்கு எதிரே பத்திரத்தை வாசிக்கச் சொல்வது, விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் சோற்றை மோந்து பார்ப்பதற்கு ஒப்பாகும் என்று கீழமடைக்குடியார் கருதினர். மேலும், கைநாட்டு வைத்தவனின் விரலைச் சங்கரசுப்பிரமணியன் தாமே பிடித்து, நல்லெண்ணெய் தொட்டு, மை போகும்வரை பதமாகத் துடைத்துவிடுவார். அதன்பின் சுக்குத்தண்ணீரும் வெற்றிலையும் வரும். பெற்ற தாயும் இத்தனை பரிவாக விரல் துடைத்ததில்லை என்று சொல்லி, தேவையின்றிக் கடன் வாங்கியவர்களும் உண்டு.

எருமை வந்து சேர்ந்தது. ஆனால் பிச்சைக்கண்ணுவின் இடது பெருவிரல் கோழிமுட்டை போல வழுவழுவென்றாகியிருந்தது. மடியில் கை வைத்தால் காம்பு வழுக்கியது; எருமைக்குக் கூச்சம் எடுத்தது; மூன்று நாளில் அவன் இரண்டு முறை சாணக்குழியில் விழுந்தான். நான்காம் நாள் முதல் அவன் மனைவி வடிவம்மாளே பால் கறந்தாள். பேட்டைக்குப் பால் ஊற்றப் போனபோது அவள் அண்ணாச்சியின் கன்னத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து, கணவன் விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாப்பது ரூவாய வாங்கிட்டு விரலக் கொடுத்துட்டு வந்திருக்கீரு," என்றாள்.

"விரல் இங்கனதானட்டி இருக்கு. ரேகைதான் அண்ணாச்சிகிட்ட இருக்கு. நம்ம வீட்டுல இருந்தா எலி தின்னுரும். அங்கன பத்திரமா இருக்கும்," என்றான் பிச்சைக்கண்ணு. அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். பேட்டைப் பெரிய மனிதர் ஒருவரின் முகத்தில் இடம் கிடைப்பது அவன் குலத்தில் எவருக்கும் வாய்த்ததில்லை.

ஓராண்டுக்குள் சங்கரசுப்பிரமணியனின் முகத்தில் பதினேழு பேரின் ரேகைகள் சேர்ந்தன. வலது கன்னம் நிறைந்து, இடது கன்னம் நிறைந்து, நெற்றியில் திருநீற்றுக்குக் கீழே மூன்று அமைந்தன. சந்தைக்கு வருகிற கடன்காரர்கள் தத்தம் ரேகை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்கள். தன்னுடையது காதோரம் ஒதுக்கப்பட்டுவிட்டதென்று வருந்தியவனும் உண்டு. அவரோ பித்தம் என்று சொல்லி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். அவருடைய கணக்கப்பிள்ளை சொரிமுத்து, அதற்குப் பரிகாரம் செய்வதாகச் சொல்லி மாதம் இரண்டு ரூபாய் பெற்றுக்கொண்டார். சொரிமுத்து தலைப்பாகை கட்டாமல் எவரும் கண்டதில்லை. ஆற்றில் முழுகும்போதும் அது அவர் தலையில்தான் இருக்கும்.

அந்தக் கீலக வருஷம் தை மாதத்திலேயே பாளையங்கோட்டை மிஷனிலிருந்து கெசியா என்ற உபாத்தியாயினி கீழமடைக்குடிப் பள்ளிக்கு வந்திருந்தாள். வயது இருபத்திரண்டு. குரல் மட்டும் நாற்பது வயதினது. அவள் வாய்ப்பாடு சொன்னால் ஆற்றின் அக்கரையில் துணி வெளுப்பவர்கள் கணக்கில் தவறு செய்வதில்லை. சனிக்கிழமைப் பிற்பகல்களில் அவள் குடும்பக் கணக்கு வகுப்பு ஒன்று தொடங்கினாள். புருஷன், பெண்டாட்டி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒருங்கே வரவேண்டும் என்பது விதி. ஒருவர் மட்டும் வந்தால் வீட்டில் போய் வேறு கணக்குச் சொல்லிவிடுவார்கள் என்பது அவள் கூறிய காரணம். பாடப்புத்தகம் கிடையாது. அவரவர் வீட்டு வரவும் செலவுமே பாடம். அவற்றை எழுதத் தேவைப்படும் எழுத்துக்களே எழுத்து. வட்டி இன்னதென்று விளங்காத வாலிபர்களை அவள் பள்ளி முற்றத்தில் ஒரு புளியங்கொட்டையின் முன் நிறுத்தி, கணக்கில் மாதத்துக்கு மாதம் கொட்டையை இரட்டிப்பாக்கி வைக்கச் சொன்னாள். கணக்கு ஆவணியில் தொடங்கிப் பங்குனி ஆவதற்குள் புளியங்கொட்டைகள் வாசலைக் கடந்துவிட்டன.

முதற்சனிக்கிழமை பிச்சைக்கண்ணுவும் வந்திருந்தான். அவன் சொல்ல வடிவம்மாள் கரிக்கட்டியால் கோடு போட்ட செலவுப் பட்டியலில், மருந்து என்று நாள்தோறும் ஓரணா கண்டிருந்தது.

"அண்ணாச்சி, தெனமும் மருந்து சாப்பிடுதீங்களே, என்ன சீக்கு?" என்று கெசியா கவலையோடு கேட்டாள்.

பிச்சைக்கண்ணு கூரையைப் பார்த்தான். மேலப்பாளையத்திலிருந்து வந்து தறி நெய்து பிழைத்த பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவி பதில் சொன்னாள்: "அது பனைமரத்துல காய்க்குத மருந்து, டீச்சரம்மா. குடிச்சா சீக்கு வரும், குடிக்காட்டாலும் சீக்கு வரும்."

மறு வாரம் முதல் பிச்சைக்கண்ணு எருமைக்குத் துணை வேண்டும் என்று வீட்டிலேயே தங்கிவிட்டான். கெசியா வடிவம்மாளுக்காக விதியைத் தளர்த்தினாள். வடிவம்மாள் ஒரு வாரமும் தவறவில்லை. மருந்தின் ஓரணாவைப் பாதியாக்கி மீதியையும், பால் விற்ற காசில் ஒரு பங்கையும் ஓர் ஊறுகாய்ச் சாடியில் போட்டுவந்தாள். மாதம் அரை ரூபாய் வட்டி. அடுத்த வருஷமாகிய சௌமிய வருஷம் பங்குனிக் கடைசியில் கெடு. இருபது மாதத்துக்குப் பத்து ரூபாய், முதல் நாற்பது, ஆக ஐம்பது. கெடுவுக்கு ஆறு நாள் இருக்கையில் சாடியில் ஐம்பது ரூபாய் நிறைந்தது. அன்று அவள் அதை மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் ஐம்பதே இருந்தது.

மறுநாள் சொரிமுத்து வில்வண்டியில் வந்து இறங்கி, பாக்கி எழுபத்தைந்து ரூபாய் என்றார். முதல் அறுபது, வட்டி பதினைந்து. இல்லையேல் பாளையங்கோட்டைப் பதிவு அலுவலகத்துக்கு வந்து வீட்டைக் கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டும். வடிவம்மாள் கணவனைப் பார்த்தாள். தன் கையில் எண்ணித் தந்தது நாற்பதுதான் என்று பிச்சைக்கண்ணு உறுதியாகச் சொன்னான். ஆனால் எழுதியிருக்கிறது என்று படித்தவர் சொல்லும்போது எதிர்த்துப் பேசுவது எப்படி என்றும் அவனே கேட்டான். பிள்ளைகள் மூன்று, எருமை ஒன்று, வீடு போனால் ஐவரும் எருமையுமாக ஆற்றுமணலில்தான் படுக்கவேண்டும். வடிவம்மாள் ஊறுகாய்ச் சாடியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். கெசியாவும் உடன் வந்தாள்.

பதிவு அலுவலகத்தில் சங்கரசுப்பிரமணியனும் சொரிமுத்துவும் முன்னதாகவே வந்து அமர்ந்திருந்தார்கள். சப்ரிஜிஸ்தர் முறைப்படி நடந்தார். பழைய பத்திரத்திலுள்ள ரேகையோடு ஒப்பிடுவதற்காகப் பிச்சைக்கண்ணுவின் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் வைத்தார். நாவற்பழம் நசுங்கியது போல ஒரு கறைதான் விழுந்தது. இன்னொரு முறை வைத்தார், இன்னொரு நாவற்பழம். ரேகை இல்லாத விரலைக் கொண்டு ஒன்றும் பதிய இயலாது என்று அவர் பேனாவைக் கீழே வைத்தபோது, சங்கரசுப்பிரமணியன் நெடுநேரம் தயங்கி, மேல்துண்டை விலக்கி, வலது கன்னத்தை முன்னே நீட்டினார். இதற்கு விதி உண்டா என்று சப்ரிஜிஸ்தர் புத்தகத்தைப் புரட்டினார். கூடாதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆகவே கன்னத்தில் மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தார். அரிவாள் தழும்பு உட்பட எல்லாம் பொருந்தியது.

"இப்ப சரியாப் போச்சுல்லா?" என்றார் சொரிமுத்து.

"பத்திரத்த இங்கன தாங்க. நான் வாசிக்கணும்," என்றாள் வடிவம்மாள்.

பிச்சைக்கண்ணு பதறிப்போனான். "ஏட்டி, அண்ணாச்சி முன்னால என்ன பேச்சு பேசுத? மானத்த வாங்காத!"

"மானம் இருக்கட்டும். வீடு போவுதுல்லா?" என்று சொல்லிவிட்டு அவள் வாசிக்கலானாள். எழுத்தை எழுத்தோடு சேர்த்து, சேர்ந்ததை ஒருமுறை தனக்கும் ஒருமுறை பிறர்க்குமாகச் சொல்லி, அவள் வாசித்து முடிப்பதற்குள் டவாலிச் சேவகன் இரண்டு முறை தண்ணீர் குடித்து வந்தான். ரூபாய் என்ற சொல்லில் அவள் விரல் நின்றது. "அ... று... ப... து. அறுபது. அண்ணாச்சி, எங்க கைக்கு வந்தது நாப்பதுதான்."

"நாப்பதா? நான் அறுபது எண்ணிக் கொடுத்தேன்லா! சொரிமுத்து கையிலதான் கொடுத்தேன்," என்றார் சங்கரசுப்பிரமணியன்.

நாற்பதும் அறுபதும் அறைக்குள் சந்தித்துக்கொண்டன. எல்லோரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள். சொரிமுத்து ஜன்னலைப் பார்த்தார். இத்தனை காலம் கணக்கை வாசித்துப் பார்க்கவில்லையா என்று சப்ரிஜிஸ்தர் வினவ, சங்கரசுப்பிரமணியன் பத்திரத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். முத்திரையிலிருந்த சக்கரவர்த்தியின் தலை கீழ்நோக்கி இருந்தது. கெசியா பைய எழுந்து அதைத் திருப்பி வைத்தாள். விரற்கணுவில் லட்சம் வரை தவறாமல் எண்ணும் அந்த மனிதருக்கு எழுத்துத் தெரியாது. வருஷந்தோறும் கணக்குப் புத்தகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, சொரிமுத்து காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவந்தார். வாக்குமூலம் எழுதி அவர் விரலையும் ஒற்றினார்கள். நாவற்பழக் கறைதான் விழுந்தது.

இந்நேரம், மேலே தொங்கும் துணிவிசிறியான பங்காவை இழுப்பவன் கதையின் சுவாரசியத்தில் தன்னை மறந்து, கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துவிட்டான். பங்கா வீசிய காற்றில் சொரிமுத்துவின் தலைப்பாகை பறந்து மைக்கூட்டின்மேல் விழுந்தது. வழுக்கைத் தலை முழுதும், நெற்றி முதல் பிடரி வரை, சங்கரசுப்பிரமணியனின் ரேகைகள் வரிசை வரிசையாக இருந்தன. கணக்குப் புத்தகம் ஒன்றுக்கு ஒன்றாகப் பதினொன்று. அவர் அருகே சென்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்.

"என் விரல ஒம்ம தலையில வச்சுக்கிட்டு, என் மூஞ்சிக்கு மாசம் ரெண்டு ரூவா மருந்துக்கா வே வாங்குனீரு?" என்றார். இருபது ரூபாய்களைவிட அந்த இரண்டு ரூபாயே அவரை அதிகம் வருத்தியதாகத் தெரிந்தது.

வடிவம்மாள் ஊறுகாய்ச் சாடியைக் கவிழ்த்தாள். ஐம்பது ரூபாய் இருந்தது, வீடு மீண்டது. மற்றப் பதினாறு பத்திரங்களிலும் இதே வகைத் திருட்டு இருந்தது. சொரிமுத்து தம் நஞ்சையை விற்று எல்லோருக்கும் ஈடுகட்டிவிட்டு, குலசேகரன்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே கடற்காற்று மிகுதியாகையால் தலைப்பாகை நிற்பது அரிது என்று பின்னர் தெரியவந்தது.

அடுத்த சனிக்கிழமை சங்கரசுப்பிரமணியன் சொந்தப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்து, வடிவம்மாளுக்கும் மஹ்மூதா பீவிக்கும் பின்னால் அமர்ந்தார். ஆனா எழுத அவருக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. "அண்ணாச்சி, சுழி இன்னும் பெருசா வரணும். வட்டி மாதிரி," என்று பீவி திரும்பிப் பார்த்துச் சொல்வாள். கடன்காரர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பத்திரத்தைத் தாமே வாசிக்குந்தோறும் ஒரு ரேகை அவர் முகத்தைவிட்டு நீங்கி உரிய விரலுக்குத் திரும்பியது. தம் கணக்கில் பதினோராம் புத்தகத்தை அவர் வாசித்து முடித்த அன்று அவருடைய விரலும் நிறைந்தது. பரிதாபி வருஷத்தில் கீழமடைக்குடியில் ஊராரே பணம் சேர்த்துக் கடன் கொடுக்கும் ஐக்கிய நாணயச் சங்கம் ஏற்பட்டபோது, முதற்பணம் போட்டவர் அவர்; முகத்தில் அப்போது ஒரே ஒரு ரேகைதான் மிஞ்சியிருந்தது.

அது பிச்சைக்கண்ணுவினுடையது. அவனுடைய பத்திரத்தை வாசித்தவள் அவன் மனைவி, அவன் வாசிக்கவில்லை. ஒரு வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இருவர் இருந்தால் சண்டைதான் மிஞ்சும் என்று அவன் கூறிவந்தான். ஆகவே சங்கத்தில் அவன் கைநாட்டு வேண்டியிருக்கும்போதெல்லாம் பேட்டைக்கு ஆள் போகும். சங்கரசுப்பிரமணியன் வண்டி கட்டி வந்து இறங்கி, பெஞ்சில் அமர்ந்து, கன்னத்தை நீட்டுவதற்கு முன் காரியதரிசியை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.

"மொதல்ல வாசியும்வே. முழுசும் வாசியும். பொறவுதான் கன்னம்."

காரியதரிசி தாளை வடிவம்மாளிடம் தள்ள, அவள் முழுதும் வாசிப்பாள். அதன்பின் மை தடவிக் கன்னத்தை ஒற்றி எடுப்பார்கள். பிச்சைக்கண்ணு அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நல்லெண்ணெய் தொட்டு, மை போகும்வரை பதமாகத் துடைத்துவிட்டு, சுக்குத்தண்ணீரும் வெற்றிலையும் கொடுப்பான். எண்ணெய்ச் செலவு சங்கக் கணக்கில் எழுதப்பட்டது. படிக்கு இன்னும் அரையணா ஏறியிருந்தபடியால் அடுத்த கூட்டத்தில் அதைக் குறித்து இரு உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தனர். கன்னத்தைக் குறித்து எவரும் ஒன்றும் கேட்கவில்லை.