வெயில் திருப்பிய ஆன்டெனா

2002இல் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் பதவியில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

எங்கள் ஊர் ஆம்பூரைத் தாண்டி, மலையடிவாரம். காக்காகூடக் கட்டுச்சோறோடுதான் வரும். டெலிபோன் கம்பி பாதி வழியிலேயே களைத்து நின்றுவிட்டது. அங்கே ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட்டில் முப்பது பெண்கள். கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: வெள்ளிக்கிழமைக்குள் இங்கிருந்தே ஐந்து சாம்பிள் போட்டோக்கள் ஈமெயிலில் வெளிநாடு போக வேண்டும், இல்லாவிட்டால் மெஷின்கள் ஆம்பூருக்குப் போய்விடும். அங்கே தைக்கும் அம்பிகா கைக்குழந்தைக்காரி. இரண்டு பஸ் மாறி அவளால் போக முடியுமா? வேலையே போய்விடும்.

செவ்வாயன்று இன்டர்நெட்டுக்காகக் கூரைமேல் கம்பம் நட்டு, ஆம்பூர் டவரைப் பார்த்து ஆன்டெனா வைத்தார்கள். கம்பத்தை இறுக்கும் கிளாம்ப் ஒன்று குறைந்தது. விடுவேனா? பதனிடாத பச்சைத் தோல் வாரை ஊறவைத்து இழுத்துக் கட்டினேன். “யானையே இழுத்தாலும் அசையாது!” என்றேன்.

காலையில் இன்டர்நெட் ஓடியது, மத்தியானம் செத்தது. தினமும் இதே கதை. சாம்பிள்கள் தைத்து முடிந்ததே வெள்ளி மத்தியானம்தான். மேனேஜர் ஜியாவுல்லா கம்ப்யூட்டரைத் தட்டாத இடமில்லை.

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்பிகா அண்ணாந்து பார்த்தாள்.

“மேஸ்திரி, காத்தால ஆம்பூரப் பார்த்துட்டிருந்துச்சு. இப்ப இன்னா, மலையப் பார்க்குது?”

நானும் அண்ணாந்து பார்த்தேன். ராத்திரிப் பனியில் இளகி நேராகும் வார், வெயிலில் சுருங்கிக் கம்பத்தையே முறுக்கியிருந்தது! நாற்பது வருஷம் தோலோடு வாழ்ந்தவனுக்கு இது தெரியவில்லை.

குழந்தையை என்னிடம் திணித்துவிட்டு, குடத்துத் தண்ணீரோடு கூரை ஏறினாள். வாரை நனைத்து இளக்கி, ஆன்டெனாவைத் திருப்பி, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு போட்டோ போயிடுச்சு! அசையாதம்மா!” கீழே ஜியாவுல்லா கத்தினார்.

ஐந்தும் போவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று. குழந்தை என்மேல் ஏழு முறை மழை பொழிந்தது. ஆறு மணிக்கு, படங்கள் கிடைத்தன என்று பதில் வந்தது. யூனிட் பிழைத்தது.

“தோல் வார்ல கட்டின புண்ணியவான் யாரு? ஒரே பேஜார்!” என்றார் ஜியாவுல்லா.

அம்பிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “கிளாம்ப்ப கம்மியா வாங்கியாந்தது யாரு சார்?”

அவர் மறுபடி கம்ப்யூட்டரைத் தட்டப் போய்விட்டார். நான் குழந்தைக்கு முத்தம் கொடுத்தேன்.

மறுநாள் இரும்பு கிளாம்ப் வந்தது. அம்பிகா மேலே, ஏணியைப் பிடித்தபடி நான்.

“வார் எதுனா வச்சிருக்கியா மேஸ்திரி?”

முப்பது பெண்களும் மலை அதிரச் சிரித்தார்கள். வேலை போகாமல் இதே யூனிட்டில் நின்று சிரித்தார்களே, அதற்காகவே அந்தப் புண்ணியவதிக்கு ஏழு ஜென்மத்துக்கும் ஏணி பிடிப்பேன்.