குறுக்குக் கம்பி

மூன்றாவது முறை மணி அடித்தும் உள்ளே காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவள் பையைப் படியில் வைத்துவிட்டுத் தன் சாவியைப் போட்டுத் திருகினாள். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. உள்பக்கம் குறுக்குக் கம்பி போட்டிருந்தது. அப்படியென்றால் அவர் வீட்டில்தான் இருக்கிறார். அவர் எப்போதும் வீட்டில்தான் இருந்தார்.

ஓய்வு பெற்ற பல் டாக்டர். பழைய கடிகாரங்கள் என்றால் உயிர். ஆளுயரப் பெட்டிக் கடிகாரம், ஏதோ கப்பலில் இருந்த பித்தளைக் கடிகாரம், மணிக்கொரு தரம் குருவி எட்டிப் பார்க்கும் கடிகாரம் என்று கூடத்துச் சுவரே தெரியாது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதும் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். ஜன்னல்களுக்கு இரட்டைக் கம்பி, முன்வாசலுக்கு இரும்புக் கதவு. அதன் பிறகு இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. மகளின் பிரசவத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். குழந்தை தங்கவில்லை என்று போனில் சொன்னபோதும் அவர், "வீட்ட யார் பாத்துக்கறது?" என்றார். மகள் அப்பாவிடம் பேசுவதை அதோடு நிறுத்திவிட்டாள். நேற்று தங்கை வீட்டுக் கல்யாணத்தில்கூட, "வாட்ச்மேன் வரலையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரித்தது பேருந்தில் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது.

ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். சோபாவுக்கும் பெட்டிக் கடிகாரத்துக்கும் நடுவே அவர் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது.

"என்னங்க! நான்தாங்க. இங்க பாருங்க."

கண் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. உயிர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். வந்தவர்கள் தோளால் முட்டினார்கள், கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கதவில் கீறல்தான் விழுந்தது. தெருமுனைப் பட்டறைக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நான் போட்ட கதவும்மா. சீக்கிரத்துல அசையாது. டாக்டர் பக்கத்துலயே நின்னு கனமா போட வெச்சாரு."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். அறுங்க."

அறுவை மெஷின் அலறியது. அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. கம்பிகளுக்கிடையே தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். இன்னும் நாலு கை தூரம் இருந்தது. "ஆச்சுங்க, இதோ வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நெருப்புப் பொறிகள் கதவிடுக்கு வழியே கூடத்துக்குள் தெறித்தபோது அவருடைய இடது கை தரையிலிருந்து உயர்ந்து அசைந்தது. வேண்டாம் என்கிறாரா, சீக்கிரம் என்கிறாரா? இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அவளுக்குப் பிடிபடவில்லை. பட்டறைக்காரரும் அதைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"என்னம்மா பண்ணட்டும்?"

"நிறுத்தாதீங்க."

கதவு விழுந்தபோது தெருவே திரண்டிருந்தது. அவர் கட்டிக் காத்த கூடத்துக்குள் யார் யாரோ செருப்புக் காலோடு புகுந்தார்கள். கடிகாரங்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு மணி அடித்தன. ஸ்ட்ரெச்சரைத் தூக்கியவர் நாடி பார்த்துவிட்டு, "எப்ப விழுந்தாரு?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. "ரொம்ப நேரம் ஆயிருக்கும் போல" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டிக்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை சில்லிட்டிருந்தது. அவர் உதடு துடித்தது. குனிந்து காதை வைத்தாள்.

"பூ... ட்டு..."

"பூட்டிட்டேங்க" என்றாள்.

வண்டி நகர்ந்தது. பின்கண்ணாடி வழியே வீடு தெரிந்தது. இரும்புக் கதவு படியில் குறுக்கே கிடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அதைத் தாண்டி, வாசலில் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.